உங்களுக்குத் தெரியுமா? குழு லோனுக்கும் மார்க் போடுகிறார்கள்!

வங்கதேசத்தின் கிராமீன் வங்கி என்றால் உலகமே எழுந்து நிற்கும். அந்தக் கிராமீனையே முந்திய ஒரு தமிழ்நாட்டு அமைப்பு உண்டு, தெரியுமா? 2007 டிசம்பரில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை உலகின் சிறந்த 50 நுண்கடன் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. 600-க்கும் மேற்பட்டவற்றைச் சலித்தெடுத்த பட்டியல் அது. கிராமீனுக்குக் கிடைத்தது 17-வது இடம். நம்ம மைக்ரோகிரெடிட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவுக்கு 13!

எதை வைத்து மார்க் போட்டார்கள்? எத்தனை பேருக்குக் கடன், எவ்வளவு செலவு, எவ்வளவு வாராக்கடன் அபாயம், எவ்வளவு வருமானம். அவ்வளவுதான். கருணைக்கு ஒரு மார்க்கூடக் கிடையாது!

இந்த 13-க்கு வேர் எங்கே? நம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊர் மதுரையில்! கருமுத்து தியாகராசர் 1943-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 1990-களிலேயே கிராமத்துப் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதன் தலைவராக இருந்த கே.எம். தியாகராஜன்தான் பிறகு இந்த அமைப்பின் வழியே நுண்கடனில் முழுமூச்சாக இறங்கினார்!

2001-ல் அந்த வங்கி ஐசிஐசிஐயோடு இணைந்தது. குழுக்களும் கூடவே போயின. பம்பாய்க்காரர்களுக்குக் கிராமத்துக் குழுவை என்ன செய்வதென்று தெரியுமா? தெரிந்தது! குழுவில் இருந்த பெண்களையே புதுக் குழுக்கள் தொடங்கும் வேலையில் இறக்கினார்கள். 2003 வாக்கில் குழுக்களின் எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை மேதை சி.கே. பிரகலாத் தன் புகழ்பெற்ற நூலில் இதைத் தனிக் கதையாகவே சேர்த்துக்கொண்டார்!

சரி, அந்த ஃபோர்ப்ஸ் பட்டியலில் முதலிடம் யாருக்கு? வங்கதேசத்தின் ‘ஆசா’வுக்கு. அதன் கிளைக்குள் போனால் அசந்துவிடுவீர்கள். காசாளர் கிடையாது. தனியாகக் கணக்கர் கிடையாது. கடன் கொடுக்கிற ஆளே வசூலிப்பார், அவரே எழுதுவார். செலவைக் குறைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, நாற்காலியைக் குறைப்பது!

ஐதராபாத்தின் எஸ்.கே.எஸ். இன்னும் கில்லாடி. வாரத் தவணையை முழு ரூபாயாக, சில்லறை தேவைப்படாத தொகையாக நிர்ணயித்தது. ஏன்? சில்லறை தேடுகிற நேரத்தில் இன்னொரு கூட்டத்தை முடித்துவிடலாமே! ஊழியர்களுக்கான கணினித் திரையைக்கூட வீடியோ கேம் மாதிரி சுலபமாக வடிவமைத்தார்கள். பயிற்சி முறைக்கு எங்கே போய்ப் படித்தார்கள் தெரியுமா? பர்கர் கடைச் சங்கிலிகளிடம்!

வட்டியில் இத்தனை வித்தையா!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரிடமாவது வட்டி கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒருவரும் சொல்லமாட்டார். ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’ என்பார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 24%. பெரிய நுண்கடன் நிறுவனங்கள் பல வசூலிப்பதும் ஏறத்தாழ அந்த ‘ரெண்டு வட்டி’தான்!

மகளிர் குழு வங்கியில் 3 லட்சம் ரூபாய் வரை வாங்கும் கடனுக்கு? தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கு 7%. நம் பேச்சில் சொன்னால் மாதம் 58 காசு வட்டி!

‘12 சதவீதம் ஃபிளாட் ரேட்’ என்று யாராவது சொன்னால் உடனே குஷியாகிவிடாதீர்கள். 10,000 ரூபாய் கடன். வட்டி 1,200. மாதம் 933 ரூபாய் வீதம் 12 தவணை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலும் குறைகிறதே! குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 12% இல்லை. 21.5%!

தண்டலுக்குப் போவோம். 10,000 என்று எழுதி 9,000-ஐக் கையில் தருவார். தினம் 100 ரூபாய், 100 நாள். வட்டி வெறும் 1,000 தானே என்று தோன்றும். முதல் நாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கில் போட்டால் வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது!

அதையும் தூக்கிச் சாப்பிடும் ஒன்று இருக்கிறது. சென்னைப் பழ வியாபாரிகள் காலையில் 1,000 ரூபாய் வாங்கி, மாலையில் 1,046 ரூபாய் 90 காசாகத் திருப்பிக் கொடுப்பதை நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் தங்கள் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பகலுக்கு 4.69%. வருடம் பூராவும் இப்படியே ஓடினால் அந்த 1,000 ரூபாய்க்கு மட்டும் கட்டும் வட்டி 17,000-க்கு மேல்!

கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தின வட்டி, தண்டல். இதெல்லாம் தெருவில் பேசுகிற பேச்சு என்றா நினைக்கிறீர்கள்? 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திலேயே இந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஆங்கிலச் சட்டப் புத்தகத்துக்குள் மீட்டர் வட்டி! மீறினால் 3 ஆண்டு வரை சிறை!

அளவுகோலின் ஜாதகம்!

ஒரு நுண்கடன் நிறுவனம் திறமையாக நடக்கிறதா என்று எப்படி அளப்பது? சாதாரணக் கோல்கள் மூன்று. ஓர் ஊழியருக்கு எத்தனை கடனாளிகள்? ஒரு கடனாளியைக் கவனிக்க எவ்வளவு செலவு? நூறு ரூபாய் கடனை நிர்வகிக்க எத்தனை ரூபாய் கரைகிறது? இந்தக் கணக்கில் தெற்காசியா உலகையே திகைக்க வைக்கிறது. ஓர் ஆளைக் கவனிக்க நம்மவர்கள் செய்யும் செலவு, லத்தீன் அமெரிக்கர்கள் செய்வதில் சிறு பங்குதான்!

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு கடனை எழுதி, கொடுத்து, வசூலிக்க 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் ரூபாய் கடனென்றால் செலவு 1%. அதே 1,000 ரூபாய் 10,000 ரூபாய் கடனுக்கென்றால் 10%! ஆள் அதே, நடை அதே, பேரேடும் அதே. ஏழைக்குக் கொடுத்தவர் பத்து மடங்கு ‘திறமை குறைந்தவர்’ ஆகிவிட்டார்!

கற்பனை இல்லை, ஆராய்ச்சியே சொல்கிறது. ஹெர்மஸ், லென்சிங்க், மீஸ்டர்ஸ் என்ற மூவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இது. சிறு கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்குத் திறன் மதிப்பெண் குறைவு. பெண்களுக்கு அதிகமாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் குறைவு. எதற்காக நுண்கடன் பிறந்ததோ அதையே செய்தால் மார்க் போகிறது!

அப்படியானால் நியாயமான கோல் எது? இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். பெயர் டி.இ.ஏ. 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் வடித்த கணக்கு. எதற்காகத் தெரியுமா? வங்கிக்காக இல்லை. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஏழைக் குழந்தைகளுக்கு நடந்த ஒரு கல்வித் திட்டத்தை அளப்பதற்காக!

கணக்கு எப்படி? வகுப்பில் முதலில் வந்த பிள்ளையின் மார்க்கை 100 என்று வைத்து மற்றவர்களுக்கு அதிலிருந்து போடுவது மாதிரி. கற்பனையாக மூன்று கிளைகளை எடுத்துக்கொள்வோம். வேடசந்தூரில் 5 ஊழியர், 2,500 கடனாளிகள். நிலக்கோட்டையில் 6 பேர், 2,400. நத்தத்தில் 4 பேர், 1,400. ஆளுக்கு 500, 400, 350. வேடசந்தூருக்கு 100. நிலக்கோட்டைக்கு 80. நத்தத்துக்கு வெறும் 70!

நத்தம் மேனேஜர் சார், கலங்காதீர்கள். ‘எங்கள் கடனாளிகளில் பாதிப் பேர் முதல்முறையாகக் கடன் வாங்குபவர்கள்’ என்று இன்னொரு பத்தியைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். டி.இ.ஏ.வின் அழகே இதுதான். ஒவ்வொரு கிளைக்கும் அதற்கு மிகவும் சாதகமான எடைக்கல்லைப் போட்டே கணக்கு நிறுக்கும். தன் எடைக்கல்லால் நிறுத்தும் தோற்றால் சாக்குச் சொல்ல வழியே இல்லை! நத்தம் 100 வாங்கினாலும் வாங்கிவிடும்!

இந்தக் கோலுக்கும் ஒரு தாத்தா உண்டு. கேம்பிரிட்ஜின் ஃபாரல். 1957-ல் எழுதிய ஒரே கட்டுரை. அவர் அளந்து காட்டியது அமெரிக்காவின் 48 மாநிலங்களின் விவசாயத்தை. இன்று உலகில் எந்த நுண்கடன் நிறுவனத்தின் திறனை அளந்தாலும் அந்த வயற்காட்டுக் கணக்கில்தான் வேர்!

போட்டிக் கோல் ஒன்றும் உண்டு. அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் கலந்துவிட்ட கணக்கிலிருந்து உண்மையான திறமையைப் பிரித்தெடுக்கும் கோல். 1977-ல் பிறந்தது. எங்கே? ஒரே ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு, பெல்ஜியத்தில் ஒரு குழு, ஆஸ்திரேலியாவில் ஒரு குழு. மூன்று கண்டங்களில் ஒரே குழந்தை!

இந்தச் சூத்திரத்தை மெருகேற்றிய பாட்டீஸ், கோயெல்லி இருவரும் 1992-ல் அதை எங்கே உரசிப் பார்த்தார்கள்? நம் நாட்டு நெல் விவசாயிகளிடம்! மகபூப்நகர் பக்கத்து அவுரேபள்ளி கிராமம். அங்கே நாற்று நட்டவர்களுக்குத் தங்கள் வயல் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்டது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை!

போன வருடத்தைவிட இந்த வருடம் முன்னேற்றமா? அதை அளக்க ஸ்வீடன்காரர் மால்ம்க்விஸ்ட் பெயரில் ஒரு குறியீடு. அவர் 1953-ல் எழுதியது வீட்டு நுகர்வைப் பற்றி. உற்பத்தித்திறன் குறியீட்டுக்கு அவர் பெயரை மற்றவர்கள் சூட்டியது 1982-ல். 1-க்கு மேலே வந்தால் முன்னேற்றம். 1-க்குக் கீழே போனால் சறுக்கல். ஒற்றை எண்ணில் ஜாதகம்!

இன்னும் கேளுங்கள். 2010-ல் ஹக், ஸ்கல்லி, பதான் மூவரும் மூன்று கண்டங்களின் 39 நிறுவனங்களை அளந்தார்கள். ஒரு முறையில் அளந்தால் தொண்டு நிறுவனங்கள் முதலிடம். முறையைக் கொஞ்சம் மாற்றினால் வங்கிகள் முதலிடம். அதே 39 நிறுவனம்தான்! ‘நாங்களே நம்பர் ஒன்’ என்று யாராவது போஸ்டர் அடித்தால், எந்தக் கோலில் என்று கேட்டுவிடுங்கள்!

மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் 35 நிறுவனங்களை அளந்தார் ஒரு துனிசிய ஆய்வாளர். முழு மார்க் வாங்கியவை எத்தனை? வெறும் 8! பெரிய நிறுவனம்தான் திறமையான நிறுவனம் என்கிற எண்ணத்துக்கும் அங்கே அடி விழுந்தது. பெருக்கப் பெருக்கத் திறன் குறைந்தது!

கணக்கில் வராத ஆயிரம் மணி நேரம்!

இப்போது சொல்லப்போவதை எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் பார்க்கமுடியாது. காலை ஏழு மணிக்கு சென்டர் மீட்டிங். இருபது பெண்கள். வாரம் ஒரு மணி நேரம். வருடத்துக்கு 50 வாரம் என்று வையுங்கள். பெருக்கினால் 1,000 மணி நேரம்! எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 125 நாள். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வருகிறார்கள். டியூ குறைந்தால் பையிலிருந்து போட்டுச் சமாளிக்கிறார்கள். வசூல் ஊழியர் செய்யவேண்டிய வேலை அது! இதற்கான சம்பளம்? பூஜ்யம். செலவுப் பத்தியில்? அதுவும் பூஜ்யம். அதனால்தான் நிறுவனத்தின் திறன் எண் அவ்வளவு பளபளக்கிறது!

நிலக்கோட்டைப் பக்கம் பூ கட்டும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முழம் போகும்? வேடசந்தூர் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு எவ்வளவு தூக்கம் போகும்? டி.இ.ஏ. கேட்பதில்லை. நாம் கேட்கலாம்!

கொல்கத்தாவில் யாரோ கேட்டுவிட்டார்கள்! எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள். சில குழுக்களுக்கு வாரத் தவணை, சில குழுக்களுக்கு மாதத் தவணை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். மாதம் ஒருமுறை கட்டினால் ஓடிவிடுவார்கள் என்றுதானே எல்லோரும் பயந்தார்கள்? வித்தியாசமே இல்லை!

அது மட்டுமா? மாதத் தவணைக்காரர்களில் ‘டியூவை நினைத்தாலே பதற்றம்’ என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட 51% குறைவு. நிறுவனத்துக்கும் நடை மிச்சம், பெண்களுக்கும் நிம்மதி மிச்சம்!

கதை அதோடு முடிந்துவிடவில்லை. வாராவாரம் சந்தித்த பெண்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். அடுத்த கடனில் தவணை தவறியது அவர்களிடம்தான் குறைவு! கூட்டத்தை ஒரேயடியாக வெட்டினால் உறவும் வெட்டுப்படுகிறது. எண் எப்போதும் பாதிக் கதைதான் சொல்லும் என்பது என் கட்சி.

பழைய கணக்கு!

நுண்கடன் வங்கதேசத்துச் சரக்கு என்று யார் சொன்னது? 1976-ல், பின்னாளில் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குக் கொடுத்தது மொத்தமே 27 டாலர். அதற்கு 72 ஆண்டுக்கு முன்பே, 1904-ல், இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியாயிற்று. எங்கே? இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்!

நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி? அதே 1904, காஞ்சிபுரம்!

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன். ஐரோப்பாவைச் சுற்றி வந்து, 1895-லும் 1897-லும் இரண்டு தடித்த அறிக்கைகள் எழுதினார். அத்தனை பக்கங்களின் சாரம் இரண்டே சொல். ‘ரைஃபைசனைத் தேடுங்கள்!’ ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை வளர்த்த மனிதர் அந்த ரைஃபைசன்.

அவருக்கும் முன்னால்? ‘கலிவர்’ கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்! டப்ளின் நகரத்து ஏழைத் தொழிலாளிகளுக்குச் சிறு கடன் தர சொந்தப் பணம் 500 பவுண்டை ஒதுக்கினார். குள்ள மனிதர்கள் கதை எழுதியவருக்குக் குட்டிக் கடன் பொருத்தம்தான்!

சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகப் பிறந்தது 1989-ல், தர்மபுரியில், ஐ.நா.வின் வேளாண் நிதியத்தின் உதவியோடு. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைக்கச் சோதனை போட்டது. முதல் ஆண்டில் சேர்ந்தவை எத்தனை? 255. மொத்தக் கடன் 29 லட்சம். 2024 மார்ச்சில் வங்கிச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த குழுக்கள்? 1 கோடியே 44 லட்சம்!

2025-26-ல் தமிழ்நாட்டில் மட்டும் குழுக்களுக்கு வாங்கித்தர அரசு வைத்த கடன் இலக்கு 37,000 கோடி ரூபாய். பூஜ்யத்தை எண்ணிப் பார்த்துக் கொள்ளுங்கள்!

திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15. ஒன்றியங்கள் 14. ஊராட்சிகள் 306. இந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி எது? மங்களூரில் 1906-ல் பிறந்த கனரா வங்கி! எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் என்ற மாவட்டத்தின் ஆண்டுத் திட்டம் அதன் மேசையில்தான் தயாராகிறது.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில், கூட்டுறவுக்கென்று பல்கலைக்கழகத் துறையே இருக்கிறது. குழுக் கணக்கில் முனைவர் பட்டம் வாங்கலாம்!

பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் திண்டுக்கல். ஆனால் மகளிர் குழுவின் கடனுக்குப் பூட்டி வைக்க ஒன்றும் கேட்கக் கூடாது! 20 லட்சம் ரூபாய் வரை அடமானம் வேண்டாம். 2021-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

குழுவுக்கும் பரீட்சை உண்டு. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகுதான் வங்கிக்காரர் மார்க் போடுவார். கூட்டம் நடந்ததா, சேமித்தார்களா, உள்கடன் சுழன்றதா, திரும்பி வந்ததா, தீர்மானப் புத்தகம் சரியா? ஐந்தே கேள்வி. பஞ்சசூத்திரம் என்று பெயர். ஊக்குநரின் கையெழுத்து அழகாக இருந்தால் கூடுதல் மார்க் கிடையாது!

மதுரை மாவட்டத்துப் பில்லுச்சேரியின் சின்னப்பிள்ளையைத் தெரியாதவர் உண்டா? தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களை வளர்த்த கூலித் தொழிலாளி. 2001-ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது!

மினுக்கும் எண், ஏமாற்றும் எண்!

‘எங்கள் வசூல் 99 சதவீதம்!’ எல்லா நிறுவனமும் அடிக்கும் தம்பட்டம். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. அங்கே அந்த 99 எவ்வளவு ஆயிற்று? ஏறத்தாழ 10! சில மாதங்களுக்கு முன்புதான் எஸ்.கே.எஸ். பங்குச் சந்தையில் இறங்கி, பங்குகளுக்கு அடிதடியே நடந்திருந்தது. திறன் மதிப்பெண் எல்லாம் அப்போது முதல் வரிசை!

வாராக்கடனை ஒரு ரூபாய்கூட வசூலிக்காமல் பாதியாக்குவது எப்படி? ரொம்பச் சுலபம். 100 கோடி கடனில் 5 கோடி நின்றுபோனால் 5%. இன்னொரு 100 கோடியைப் புதிதாக அள்ளி விடுங்கள். 200 கோடியில் 5 கோடி. ஆச்சு, 2.5%! புதுக் கடன் கெட்டுப்போக இன்னும் மாதங்கள் ஆகும். அதற்குள் அறிக்கை அச்சாகிவிடும். வேகமாக வளர்கிற நிறுவனத்தின் வாராக்கடன் எண்ணைப் பார்த்தால் நான் முதலில் அது எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்றுதான் பார்ப்பேன்.

மெக்சிகோவின் கொம்பார்த்தாமோஸ் 2007-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. முதலீட்டாளர்கள் கொழித்தார்கள். ஏழைகளிடம் அது வாங்கிய வட்டி? வரி நீங்கலாகவே 85 சதவீதத்துக்கு மேல்! லாபக் கோலில் சாம்பியன்!

இலங்கையில் 2018-ல் வேறு கதை. வறட்சியில் வாடிய 12 மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்தது. வடக்கும் கிழக்கும் அதில் அடக்கம். வட்டிக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த உச்சவரம்பே 35%!

நம் பக்கம்? 2021-ல் தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடன் தள்ளுபடி. 15 லட்சத்து 88 ஆயிரம் பெண்கள். 2,756 கோடி ரூபாய். ஆளுக்கு வகுத்தால் சுமார் 17,350!

நுண்கடனால் வாழ்க்கை தலைகீழாக மாறுமா? ஐதராபாத்தின் 104 குடியிருப்புகளில் சோதித்தார்கள். பாதியில் கடன் நிறுவனம் கிளை திறந்தது, மீதியில் இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால் தொழிலில் முதலீடு கூடியிருந்தது. பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு? குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை! நிறுவனத்தின் திறன் வேறு, அதனால் விளைந்த நன்மை வேறு. இரண்டையும் ஒரே கோலால் அளக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை!

2015-ல் ரிசர்வ் வங்கி 10 சிறு நிதி வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதில் நுண்கடனிலிருந்து வந்தவை 8! சென்னையின் ஈக்விடாஸ் 2016 செப்டம்பர் 5-ல் வங்கியாகக் கதவைத் திறந்தது. அதே 2016-ல் திருச்சியின் கிராம விடியலை ஐடிஎஃப்சி வங்கி வாங்கிக்கொண்டது!

இன்று நாட்டில் நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்கள் எவை? முதல் வரிசையில் இரண்டு பெயர்கள் முட்டி மோதுகின்றன. ஒன்று பீகார். இன்னொன்று தமிழ்நாடு! ஏழ்மையின் கணக்கு என்று மட்டும் நினைத்தால் இதற்கு விடை கிடைக்காது.

இது உங்கள் பைக்கு!

2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிகள் இவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் அடமானமில்லாக் கடன்தான் நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 25,000 வருகிற வீட்டுக்கு உச்சவரம்பு 12,500!

முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம்? நுண்கடனுக்குக் கிடையாது. ஒரு காசுகூடக் கிடையாது!

காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் டியூ கேட்டுப் போன் செய்யக் கூடாது. குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது நீங்கள் வராமல் போனால்தான் வசூல்காரர் வீட்டுப் படியேறலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது!

2025 ஏப்ரல் முதல், ஒரு பெண்ணுக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுப்பதில்லை என்று நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதே 2025-ல் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தனிச் சட்டம் நிறைவேற்றியது!

கடன் அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும். ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு பக்கத் தாளில் எழுதித் தரவேண்டும். அடுத்த மீட்டிங்கில் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் எழுதிக் கொடுங்கள். அங்கே வேலை நடக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்: 14448!